மூச்சுச் சத்தம் காதுக்குள் கேட்கிறதா? திறந்தே கிடக்கும் காதுக் குழாய்க்கு ஒரு வழிகாட்டி

முதலில் ஒரு சின்னச் சோதனை. இதைப் படிக்கும் நேரத்தில் காதில் தொந்தரவு இருந்தால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே குனிந்து தலையை இரண்டு முழங்காலுக்கும் நடுவே தொங்கவிடுங்கள். அரை நிமிடம் போதும். தலைசுற்றலோ அதிக ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் குனிய வேண்டாம், தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்தாலே சரி. காதுக்குள் கேட்ட மூச்சுச் சத்தம் சட்டென்று அடங்கி, நிமிர்ந்த கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிறதா? அப்படியென்றால் மேற்கொண்டு படியுங்கள், இது உங்களுக்காக எழுதியதுதான்.

எனக்கு இது வந்தது ஒரு மே மாதத்தில். தண்டையார்பேட்டையில் வீடு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. காலையிலிருந்து இரவு வரை போனில் டிரைவர்களோடு கத்துவதுதான் பிழைப்பு. அதற்கு முன் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் சோற்றை நிறுத்திவிட்டார்கள். நானும் காலையில் ஓட ஆரம்பித்தேன். நான்கு மாதத்தில் 12 கிலோ குறைந்தது. பார்த்தவர்களெல்லாம் கை குலுக்கினார்கள். ஒரு மத்தியானம் சாலையைக் கடந்து வந்து சீட்டில் உட்கார்ந்தேன், இடது காதுக்குள் யாரோ கொல்லன் துருத்தியை ஊதுகிறார்கள். உஸ்ஸ், உஸ்ஸ். என் மூச்சேதான். போனை எடுத்து ‘ஹலோ’ என்றால், குடத்துக்குள் தலையை விட்டுப் பேசினாற்போல என் குரலே மண்டைக்குள் முழங்கியது. தாங்க முடியாமல் நான் தானாகவே குரலைத் தாழ்த்தியிருக்கிறேன். “இன்னா சார், சம்பந்தி வூட்ல பேசுற மாதிரி மெல்லமா பேசுற, சத்தமா பேசு சார்” என்று ஒரு டிரைவர் சொன்னபிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

அந்தத் தொந்தரவு ஏழு மாதம் நீண்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. எல்லாரும், நானும் சேர்த்து, அதைக் காது அடைப்பு என்று நினைத்து வைத்தியம் பார்த்தோம். அது அடைப்புக்கு நேர் எதிரானது.

குழாய் என்ன செய்ய வேண்டும், என்ன செய்கிறது

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுச்செவிக்கு ஒரு குழாய் போகிறது. பெரியவர்களுக்கு ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் நீளம். 16-ம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியல் வல்லுநர் எவுஸ்டாக்கியின் பெயரால் யூஸ்டேஷியன் குழாய் என்பார்கள். காதுப் பக்கம் உள்ள மூன்றில் ஒரு பங்கு எலும்பு, மீதி குருத்தெலும்பு. சும்மா இருக்கும்போது இந்தக் குழாய் மூடியே இருக்க வேண்டும். எச்சில் விழுங்கும்போதோ கொட்டாவி விடும்போதோ ஒரு நொடிக்கும் குறைவாகத் திறந்து, செவிப்பறைக்கு உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தத்தைச் சமன் செய்துவிட்டு மூடிக்கொள்ளும். மலையேறும்போது காதில் ‘டப்’ என்று கேட்பது அதுதான்.

சளி பிடித்தால் குழாய் வீங்கித் திறக்க மறுக்கும். அது எல்லாருக்கும் தெரிந்த காதடைப்பு. நமக்கு நடப்பது தலைகீழ்: குழாய் மூட மறுக்கிறது. தாழ்ப்பாள் போடாத கதவு மாதிரி திறந்தே கிடக்கிறது. மூச்சுக் காற்றும் குரலும் மூக்கின் பின்னாலிருந்து நேராக நடுச்செவிக்குள் போய் செவிப்பறையை ஆட்டுகின்றன. காது கனத்த மாதிரி, அடைத்த மாதிரி இருப்பதும் இதனால்தான். அந்த உணர்வுதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது.

ஏன் மூடவில்லை? குழாயை ஒட்டிச் சின்னக் கொழுப்புத் திண்டு ஒன்று இருக்கிறது. குழாயை அழுத்தி மூடி வைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. வேகமாக எடை குறைந்தால் அந்தத் திண்டும் கரையும். டயட், நீண்ட காய்ச்சல், மஞ்சள் காமாலை, எடை குறைப்பு அறுவை சிகிச்சை, எதனால் இளைத்தாலும் இது நடக்கலாம். அடுத்து உடம்பில் நீர் வற்றுவது. கர்ப்பிணிகளுக்கும் வரும். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு ஆறாம் மாதத்தில் வந்து, பிள்ளை பிறந்ததும் தானாகப் போய்விட்டது. கருத்தடை மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, மூக்குப் பகுதிக்குக் கொடுத்த கதிர்வீச்சு, சில நரம்பு நோய்கள் இவையும் காரணமாகலாம். எதுவும் தட்டுப்படாமல் வருகிறவர்களும் நிறைய.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

ஒரு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். செல்போனில் வேண்டாம், டாக்டர் முன் தேடிக்கொண்டிருப்பீர்கள். எத்தனை மணிக்கு வருகிறது, அதற்கு முன் என்ன செய்தீர்கள், எது செய்தால் போகிறது. இவ்வளவுதான்.

என் நோட்டில் கிடைத்தது இது. காலை எழுந்ததும் சுத்தமாக இல்லை. குளித்துக் கிளம்பி மெட்ரோ படியேறி நடந்தபிறகு, பத்து பத்தரைக்கு ஆரம்பம். மத்தியான வெயிலில் உச்சம். நிறையப் பேசினால் அதிகம். படுத்தால் இரண்டு நிமிடத்தில் காணாமல் போகும். சளி பிடித்திருந்த நான்கு நாளும் காது அருமையாக இருந்தது! சளிக்காக சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். படுக்கும்போது கழுத்து, தலைப் பகுதி ரத்த நாளங்களில் ரத்தம் தேங்கி குழாயைச் சுற்றிய சதை கொஞ்சம் உப்பும், குழாய் மூடும். சளியின் வீக்கமும் அதே வேலையைச் செய்கிறது.

இன்னொன்று, சத்தம் எதோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு கவனியுங்கள். மூச்சோடு வந்து, மூச்சைப் பிடித்தால் நின்றால் அது இந்தத் திறந்த குழாய்த் தொந்தரவு. நாடித் துடிப்போடு ‘தொப் தொப்’ என்று வந்தால் அது ரத்தக் குழாய் சம்பந்தப்பட்டது, அதற்கு வேறு பரிசோதனைகள். உங்கள் கண்விழி உருளும் சத்தமும், நடக்கும்போது காலடியும் மண்டைக்குள் கேட்டு, பெரிய சத்தத்தில் தலை சுற்றினால் உள்காதின் அரைவட்டக் குழாய் ஒன்றின் மேலுள்ள எலும்பு மெலிந்திருக்கலாம். அதிலும் சொந்தக் குரல் முழங்கும், ஆனால் மூச்சுச் சத்தம் பொதுவாக இருக்காது. இந்த நோயை 1998-ல்தான் மருத்துவ உலகம் முதன்முதலாக விவரித்தது. சி.டி. ஸ்கேனில் தெரியும்.

காத்திருக்கவே கூடாத சில உண்டு. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே போங்கள், மருந்து பலிக்கிற காலம் குறைவு. காதில் சீழ், முகம் ஒரு பக்கம் கோணுவது, கடும் தலைசுற்றல் இவற்றுக்கும் அப்படியே. பெரியவர்களுக்கு ஒரே காதில் வாரக்கணக்கில் அடைப்பு இருந்து, கூடவே கழுத்தில் கட்டியோ மூக்கில் ரத்தமோ வந்தால் மூக்கின் பின்பக்கத்தை உடனே பார்த்தாக வேண்டும்.

நான் செய்த தப்புகள், நீங்கள் செய்ய வேண்டாதவை

முதல் தப்பு எண்ணெய். அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றினார்கள். கோளாறு இருப்பது செவிப்பறைக்கு அந்தப் பக்கம். வெளியிலிருந்து ஊற்றும் எதுவும் குழாயைத் தொடாது.

இரண்டாவது, மெடிக்கலில் கேட்டு வாங்கிய மூக்கடைப்பு சொட்டு மருந்து. அட்டையில் சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் என்று இருக்கும். இவை மூக்குச் சதையைச் சுருக்கும். ஏற்கெனவே மூடாத குழாயைச் சுற்றிய சதையையும் சுருக்கினால் என்ன ஆகும்? அரை மணி நேரத்தில் துருத்தி இரண்டு மடங்கானது. சளி மாத்திரைகளும் உள்ளே உலர்த்திவிடும். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் சிலருக்கு மோசமாக்கும். வேறு காரணத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்தது என்றால் மட்டும், நிறுத்தும் முன் அவரையே கேளுங்கள்.

மூன்றாவது, மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதுவது. விமானத்தில் காதடைத்தால் செய்வது. திறந்திருக்கும் கதவை உதைத்துத் திறக்கிற வேலை.

நான்காவதுதான் நிஜமாகவே ஆபத்தானது, செய்கிறோம் என்றே தெரியாது. மூக்கை ‘சர்’ரென்று உறிஞ்சுவது. உறிஞ்சினால் குழாய் உள்ளிழுபட்டு ஒட்டிக்கொள்ளும், சத்தம் சட்டென்று நிற்கும். அந்தச் சுகத்துக்கு ஒரு நாளைக்கு நூறு முறை உறிஞ்சுவோம். எனக்குச் சளி தீரவேயில்லை என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு உறிஞ்சலும் நடுச்செவியிலிருந்து காற்றை இழுக்கிறது, செவிப்பறை உள்ளே குழிகிறது. வருடக்கணக்கில் போனால் அந்தக் குழிவில் தோல் சேர்ந்து எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா வரை கொண்டுபோகலாம். அதற்கு ஆபரேஷன்தான். இதை முதலில் விடுங்கள். உறிஞ்சத் தோன்றும்போது குனியுங்கள்.

டாக்டரிடம் எப்படிப் போவது

ஈ.என்.டி. டாக்டரிடம்தான் போக வேண்டும். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி இருக்கிறது. எங்கள் பாட்டி காலத்து ஆட்களுக்கு அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு, வெளிநோயாளிகளைப் பார்ப்பது காலையில். வரிசை நீளமாக இருக்கும், சீக்கிரமே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். தனியார் என்றால், டிம்பனோமெட்ரி (செவிப்பறையின் அசைவை அளக்கும் சோதனை) வசதி இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

இனிமேல் சொல்வதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. தொந்தரவு இருக்கும்போது டாக்டர் பார்க்க வேண்டும். இல்லாத நேரத்தில் பார்த்தால் காது சாதாரணமாகவே தெரியும்.

முதல் முறை ஒரு கிளினிக்கில் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். ஏ.சி. ஓடியது, நான் குனிந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கூப்பிட்டபோது காது சுத்தமாகச் சரியாகிவிட்டது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, “காது கிளீனா இருக்கு, டென்ஷன் ஆகாதீங்க” என்று தூக்க மாத்திரை எழுதினார். அவர் மேல் முழுத் தப்பும் சொல்ல முடியாது, அவர் பார்த்த காது சரியாகத்தான் இருந்தது.

அடுத்த முறை வேறொரு டாக்டர். பதினொரு மணிக்கு நேரம் வாங்கினேன். தண்டையார்பேட்டை மெட்ரோவில் எஸ்கலேட்டரை விட்டுவிட்டுப் படியில் ஏறினேன். கிளினிக் மாடிப்படியை இரண்டு முறை ஏறி இறங்கினேன், ரிசப்ஷன் பெண் ஒரு மாதிரி பார்த்தார். உட்காராமல், குனியாமல், வாசலில் நின்று ஆபீசுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டே இருந்தேன். உள்ளே போகும்போது துருத்தி முழு வேகத்தில். போனதும் சொன்ன முதல் வார்த்தை: “இப்ப இருக்கு சார்.” இருதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் படியேற வேண்டாம், நின்று பேசிக்கொண்டிருந்தாலே போதும்.

நீங்கள் சொல்ல வேண்டியது மூன்றே வரி. மூச்சுச் சத்தமும் சொந்தக் குரலும் காதுக்குள் கேட்கிறது. படுத்தால் போய்விடுகிறது. இத்தனை மாதத்தில் இத்தனை கிலோ குறைந்தேன். ‘காது அடைப்பு’ என்று ஆரம்பிக்காதீர்கள், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

டாக்டர் என் காதில் ஒரு மெல்லிய கேமராக் குழாயை வைத்தார். உட்கார்ந்தபடியே இருக்கச் சொன்னார், படுக்கவைத்தால் அறிகுறி ஓடிவிடும். வலது மூக்கைப் பொத்தி, வாயை மூடி, இடது மூக்கால் ஆழமாக மூச்சு விடச் சொன்னார். திரையில் செவிப்பறை தெரிந்தது, முத்துச் சிப்பியின் உள்பக்கம் மாதிரி வெளிறிய சவ்வு. மூச்சு இழுத்தபோது அது உள்ளே ஒடுங்கியது, விட்டபோது வெளியே உப்பியது. கைக்குழந்தையின் உச்சிக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அச்சு அசல் அதுதான். ஏழு மாதமாக நான் சொல்லி யாரும் நம்பாதது அங்கே ஆடிக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. சிரித்ததற்கும் அது ஆடியது.

பிறகு டிம்பனோமெட்ரி. ரப்பர் முனையைக் காதில் அழுத்தி வைப்பார்கள், வலிக்காது. இதில் ஒரு நுணுக்கம்: வழக்கமான ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும், அதில் நம் பிரச்சினை நழுவிவிடலாம். பட்டனைத் தட்டிவிட்டு இன்னும் நீளமாக ஓட்டி, அதற்குள் மூக்கால் மூச்சு விடச் சொல்வார்கள். கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். மூச்சைப் பிடித்தால் நேர்கோடு. இதைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்: “மூச்சு விட்டபடி ஒரு தடவை எடுங்க” என்றால் புரிந்துகொள்வார்கள். கேட்கும் திறன் சோதனையும் செய்வார்கள், பெரும்பாலும் சரியாகவே வரும். மூக்கு வழியே எண்டோஸ்கோப் விட்டுக் குழாயின் வாயைப் பார்ப்பதும் உண்டு. கழுத்து ரத்த நாளத்தை அழுத்திப் பார்ப்பது டாக்டர் செய்யும் சோதனை, நீங்களாகக் கழுத்தை அழுத்திப் பார்க்க வேண்டாம்.

சிகிச்சை

பெரும்பாலானவர்கள் கத்திவரை போக வேண்டியதில்லை. இதனால் காது செவிடாகிவிடாது, மூளைக்கும் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததுமே பாதிப் பேருக்குப் பாதி குறைந்த மாதிரி இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள். ஆபீசில் நான் குடித்தது நாளைக்கு நாலு டீ, ஒரு பாட்டில் தண்ணீர். டீயைப் பாதியாக்கி, தண்ணீரை ஏற்றி, பதினோரு மணிக்கு உப்புப் போட்ட மோர் சேர்த்தேன். அக்னி நட்சத்திரத்தில் எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கிற ஆளுக்கு இது வைத்தியமே இல்லை, சாதாரணத் தேவை. கிட்னி, இருதயப் பிரச்சினை உள்ளவர்கள் தண்ணீர் அளவையும் உப்பையும் டாக்டரிடம் கேட்டுத்தான் ஏற்ற வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று மாத்திரை உண்டா என்று கேளுங்கள்.

எடை: குறைத்த அத்தனையையும் திரும்ப ஏற்றச் சொல்லவில்லை. எனக்கு டாக்டர் சொன்னது நான்கைந்து கிலோ, மெதுவாக. சர்க்கரை பயம் இருந்ததால் சோற்றில் ஏற்றாமல் முட்டை, சுண்டல், காசிமேட்டிலிருந்து வாரம் மூன்று நாள் மீன் என்று போனேன். ஐந்து மாதம் ஆனது.

மூக்குக்கு வெறும் உப்புநீர் சொட்டு மருந்து. அட்டையில் சோடியம் குளோரைடு மட்டும் இருக்க வேண்டும், 0.65 சதவீதம் என்று போட்டிருக்கும். அதை எல்லாரும் போடுகிற மாதிரி போட்டால் தொண்டையில்தான் இறங்கும். கட்டிலில் மல்லாந்து படுத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, தொந்தரவு உள்ள காதுப் பக்கமாகத் திருப்பி, அதே பக்க மூக்கில் விட்டுவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் இருங்கள். குழாயின் வாயை ஈரமாக்குவதுதான் நோக்கம். உடனடி நிவாரணம் கொஞ்ச நேரத்துக்குத்தான், ஆனால் காசும் குறைவு, பக்க விளைவும் இல்லாத மாதிரி.

இதற்கும் அடங்கவில்லை என்றால் டாக்டர் கையில் இன்னும் சில உண்டு. ஈஸ்ட்ரோஜன் கலந்த மூக்குச் சொட்டு மருந்து, சளியைக் கெட்டிப்படுத்தும் பொட்டாசியம் அயோடைடு கரைசல் போன்றவை. பின்னது தைராய்டைக் குழப்பக்கூடியது, அதனால் யாரோ சொன்னார்கள் என்று வாங்கிக் குடிக்காதீர்கள். செவிப்பறை ரொம்ப ஆடுகிறவர்களுக்கு அதன்மேல் சின்ன ஒட்டு ஒன்றை வைத்துக் கனப்படுத்துவார்கள், ஆட்டம் குறையும். செவிப்பறையில் துளையிட்டு கிரோமெட் என்கிற குட்டிக் குழாய் பொருத்துவதும் உண்டு. சிலருக்கு நன்றாகப் பலிக்கும், சிலருக்குக் காது கனம் மட்டும் போய் குரல் முழக்கம் அப்படியே நிற்கும். கிரோமெட் போட்டால் காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.

கடைசிப் படியில் அறுவை சிகிச்சை. மூக்கு வழியாகப் போய் குழாயின் வாயைச் சுற்றிக் கொழுப்போ வேறு நிரப்பியோ ஊசியால் ஏற்றுவது, குருத்தெலும்பு வைத்துக் குழாயைக் குறுக்குவது, உள்ளே செருகி வைப்பது என்று பல வகை. ஜப்பானில் காது வழியாகச் செருகும் ஒரு சிலிகான் செருகி இருக்கிறது, கோபயாஷி பிளக் என்று பெயர். இவற்றையெல்லாம் எல்லா ஈ.என்.டி. டாக்டர்களும் செய்வதில்லை. யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: நீங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், குழாய் ஒரேயடியாக அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள், இதைத் திரும்ப எடுக்க முடியுமா. குழாய் முழுக்க அடைந்தால் நடுச்செவியில் நீர் கோத்து, நிஜமான காதடைப்பு வந்து சேரும்.

எனக்குக் கத்தி தேவைப்படவில்லை. ஐந்து கிலோ ஏறியபிறகு நாள் முழுக்க இருந்தது வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாகச் சுருங்கியது. இப்போது வெயில் காலத்தில், டீயில் காலம் தள்ளிய நாட்களில் மட்டும் எட்டிப் பார்க்கும். அப்போது நான் மேஜைக்கு அடியில் பேனாவைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன். ஆபீசில் எல்லாருக்கும் இது பழகிவிட்டது. “சார் பேனா தேடுறாரு, ரெண்டு நிமிஷம் கழிச்சுப் பேசு” என்று பையன் போனை எடுத்துச் சொல்லிவிடுவான்.